பரு போன பிறகும் போகாத கறுப்பு

போன வாரம் அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். வலது கன்னம் மட்டும், ரொம்பக் கிட்டத்தில் வைத்து எடுத்தது. பரு ஒன்றுகூட இல்லை. பரு இருந்த இடங்களில் மிளகு அளவில் ஏழெட்டுக் கறுப்புத் திட்டுகள், தாடை ஓரத்தில் ஒன்று மட்டும் கொஞ்சம் பெரிசாக, சாம்பல் பூத்த மாதிரி. கீழே ஒரே ஒரு வரி: "சித்தி, மூணு வாரத்துல காலேஜ் ஃபேர்வெல். அதுக்குள்ள இது போயிடுமா?"

போகாது என்று பதில் போட்டுவிட்டேன். போட்ட பிறகு மனசு கேட்கவில்லை. இருபது வயசுப் பெண்ணிடம் ஒற்றை வார்த்தையில் அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாது. ஏன் போகாது, எப்போது போகும், அதுவரைக்கும் என்ன செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்று உட்கார்ந்து சொல்ல வேண்டும். அன்று இரவு ஒரு மணி நேரம் பேசினோம். அதில் பேசியதையும் பேச மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் இதே கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் அலைந்தவள், தப்பான கதவை எல்லாம் தட்டிவிட்டுக் கடைசியில்தான் சரியான கதவுக்குப் போனவள்.

என் கதை பருவில் ஆரம்பிக்கவில்லை, ஒரு பூச்சியில் ஆரம்பித்தது. ஐப்பசி மழை. ராத்திரி ட்யூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து பிள்ளைகளின் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். கழுத்தில் ஏதோ ஊர்ந்தது, பார்க்காமலே கையால் தேய்த்துத் தள்ளினேன். பேப்பர் மேல் விழுந்ததைப் பார்த்தால் எறும்பு மாதிரி நீளமான சின்னப் பூச்சி, தலை கறுப்பு, வால் கறுப்பு, நடுவில் ஆரஞ்சு. அப்போது ஒன்றும் இல்லை. மறுநாள் சாயங்காலம் எரிய ஆரம்பித்தது, அதற்கு அடுத்த நாள் காலையில் காதுக்குக் கீழிருந்து காறை எலும்பு வரைக்கும் சூடு இழுத்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு, அதன் மேல் வரிசையாகப் பொடிக் கொப்புளங்கள்.

பக்கத்து வீட்டு அத்தை பார்த்தவுடனே "அக்கிடி இது" என்றார். அம்மா குயவர் வீட்டுக்குக் கூட்டிப்போனார், அவர் காவியைக் குழைத்துக் கொப்புளத்தைச் சுற்றி எழுதிவிட்டார். அந்தக் காவியின் குளிர்ச்சி இன்னும் நினைவிருக்கிறது, எரிச்சலுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் அது அக்கி இல்லை. அக்கி என்பது வைரஸால் வருவது. இந்தப் பூச்சி கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. நசுக்கினால் அதன் உடம்பிலிருந்து வரும் நீர் தோலை வேகவைக்கிறது. மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும். மேலே விழுந்தால் தேய்க்காமல் ஊதித் தள்ள வேண்டும், பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். முழங்கை மடிப்பில் பட்டால், மடக்கும்போது எதிர்ப்பக்கத் தோலிலும் ஒட்டி, கண்ணாடியில் பார்த்த மாதிரி இரட்டைக் காயமாக வரும். இதை முன்னாடியே யாராவது சொல்லியிருந்தால் என் கழுத்தில் அந்தக் கோடு வந்தே இருக்காது.

பத்து நாளில் புண் காய்ந்து பொருக்கு உதிர்ந்துவிட்டது. அப்பாடா என்று கண்ணாடியைப் பார்த்தால், கொப்புளம் இருந்த அதே தடத்தில் கரித்துண்டால் கோடு போட்ட மாதிரி கறுப்பு.

இதற்கு நம் வாயில் வரும் பெயரே குழப்பம். தழும்பு என்கிறோம், தழும்பு என்றால் தோலின் சதையே மாறிப் பள்ளமாகவோ மேடாகவோ நிற்பது. கரும்புள்ளி என்றால் மூக்கில் வரும் அடைப்பு. மங்கு என்று சொல்கிறோம், மங்கு வேறு நோய், இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் படர்ந்து வருவது, அதற்குக் காரணமும் வேறு, வைத்தியத்தின் போக்கும் வேறு. நான் சொல்வது அழற்சி, அதாவது தோல் சிவந்து வீங்கி எரிவது, ஆறிய இடத்தில் நிற்கும் கறுப்பு. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் தோல் வழவழவென்றுதான் இருக்கும், கண்ணைத் திறந்தால்தான் அது தெரியும். அக்கா மகளையும் அப்படித்தான் தடவிப் பார்க்கச் சொன்னேன். வழவழப்பாக இருக்கிறது என்றாள். நல்ல செய்தி, அப்படியென்றால் அது நிறம் மட்டும்தான்.

நான் அதை அழுக்கு மாதிரி நினைத்துவிட்டேன். தேய்த்தால் போகும் என்று பீர்க்கங்காய் நார் வைத்துத் தேய்த்தேன். கடலை மாவில் எலுமிச்சைச் சாறு பிழிந்து பூசிக் காயவிட்டேன். சர்க்கரையும் தேனும் கலந்து தேய்த்தேன். ஒவ்வொரு தடவையும் கழுவினவுடன் கொஞ்சம் வெளிச்சமாகத் தெரியும், ரெண்டு நாளில் முன்னைவிடக் கறுக்கும். அப்புறம் மருந்துக்கடையில் கேட்டேன். டாக்டர் சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு சின்ன டியூபை எடுத்துக் கொடுத்தார்கள், ராத்திரி போடுங்க, பத்தே நாளில் தெரியும் என்றார்கள். தெரிந்தது. கோடு மங்கியது, அதைப் பார்த்த சந்தோஷத்தில் கன்னத்தில் இருந்த பழைய பருக் கறுப்புக்கும் சேர்த்துப் பூச ஆரம்பித்தேன். மூன்று டியூப். நிறுத்தின வாரமே முகம் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரிந்தது, கன்னமெல்லாம் பொடிப்பொடியாகப் பரு, தோல் மெலிந்து சிவப்பு நரம்பு தெரிந்தது, தாடை ஓரத்தில் முடி. திரும்பப் போட்டால் அடங்கும், விட்டால் எரியும். அதற்கு அப்புறம்தான் தோல் டாக்டரிடம் போனேன்.

அவர் முதலில் டியூபைக் கொண்டுவரச் சொன்னார். அதில் மூன்று மருந்து: நிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், தோலைப் புதுப்பிக்கும் ட்ரெட்டினாயின், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டான மொமெட்டசோன். இந்தக் கூட்டணி புதிதல்ல, இதன் மூல வடிவம் 1975 இலிருந்தே மருத்துவத்தில் இருக்கிறது. டாக்டர் கணக்குப் போட்டுச் சில வாரம் கொடுத்தால் அது மருந்து. யாரும் பார்க்காமல் மாசக்கணக்கில் பூசினால் என் முகம் ஆன கதிதான். 2018 இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்ற பட்டியலில் கொண்டுவந்துவிட்டது. அப்படியும் கிடைக்கிறது. அதனால் டியூபின் பின்பக்கத்தைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். பீட்டாமெதசோன், க்ளோபெட்டாசால், மொமெட்டசோன், ஃப்ளூவோசினோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. ஏற்கெனவே பல மாதம் போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பயந்து இன்றைக்கே நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் போய்ப் படிப்படியாக இறங்குங்கள். நான் இறங்க நாலு மாதம் ஆனது.

அன்று அவர் ஒரு வெள்ளைத் தாளில் படம் போட்டுக் காட்டினார். "உங்க தோல் தப்பு எதுவும் பண்ணலம்மா. உங்களைக் காப்பாத்தத்தான் பார்த்திருக்கு" என்றார். நான் இத்தனை நாள் அதை எதிரியாக நினைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

தோலின் மேலடுக்குக்கு அடித்தளத்தில் மெலனோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. நிறமி தயாரிப்பது இவைதான். ஒரு மெலனோசைட் கிளை கிளையாகக் கைநீட்டித் தன்னைச் சுற்றியுள்ள சுமார் 36 தோல் செல்களுக்கு நிறமியைப் பொட்டலம் பொட்டலமாகக் கொடுக்கிறது. வாங்கிக்கொண்ட செல் அந்தப் பொட்டலத்தைத் தன் உட்கருவுக்கு மேலே குடை மாதிரி பிடித்துக்கொள்கிறது, வெயில் உள்ளே இறங்காமல் இருக்க. வெள்ளைத் தோலுக்கும் நம் தோலுக்கும் மெலனோசைட் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் கிடையாது. நம் தோலில் பொட்டலம் பெரிசு, நிறமி அதிகம், அவ்வளவுதான். பருவோ, பூச்சியோ, எண்ணெய் தெறித்ததோ, அம்மையோ, எதுவானாலும் அந்த இடத்தில் அழற்சி வந்தால் அங்கே சுரக்கும் ரசாயனங்கள் மெலனோசைட்டைத் தட்டி எழுப்பிவிடுகின்றன. அதுவும் ஆபத்து என்று நினைத்துக் குடைகளை அள்ளி அனுப்புகிறது. புண் ஆறிய பிறகும் நாம் பார்க்கும் கறுப்பு, அப்படி வந்து சேர்ந்த குடைகள்.

அப்படியென்றால் நார் வைத்துத் தேய்த்தபோது நான் என்ன செய்தேன்? ஆபத்து இன்னும் போகவில்லை, இன்னும் அனுப்பு என்று அதற்குத் தினமும் ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறேன். எலுமிச்சை அதைவிட மோசம். அதன் புளிப்பே தோலை அரிக்கும், போதாததற்கு எலுமிச்சை வகைகளில் இருக்கும் சொராலென் என்ற பொருள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளமே வரலாம், அதுவும் ஆறும்போது கறுப்பைத்தான் விட்டுப்போகும். பரு மேல் டூத் பேஸ்ட் வைக்கிறார்கள், சுண்ணாம்பு வைக்கிறார்கள். பரு அமுங்கின மாதிரி இருக்கும், அந்த இடம் வெந்து கறுப்பதுதான் மிச்சம்.

எவ்வளவு ஆழத்தில் நிறமி இருக்கிறது என்பதுதான் எத்தனை நாளில் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. மேலடுக்கில் இருந்தால் காப்பிப் பொடி நிறத்தில், பழுப்பாகத் தெரியும். தோல் கீழிருந்து புதுப்பித்துக்கொண்டே வருவதால் இது மெதுவாக மேலேறி உதிர்ந்துவிடும், ஆனாலும் ஆறு மாதம், ஒரு வருஷம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அழற்சி பலமாக இருந்தால் அடித்தள வேலியே உடைந்து நிறமி கீழ்அடுக்குக்குள் சிந்திவிடுகிறது. அங்கே இருக்கும் துப்புரவுச் செல்கள் அதை விழுங்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடும். இது சாம்பல் அல்லது நீலம் கலந்த மாதிரி தெரியும், போக வருஷக்கணக்கில் ஆகும், சில சமயம் முழுதாகப் போகாது. அக்கா மகளின் தாடையோரத் திட்டு இந்த ரகம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பருவைத்தான் அவள் நகத்தால் கிள்ளிக்கொண்டே இருந்தாள், கேட்டதும் ஒப்புக்கொண்டாள்.

டாக்டர் என் சீட்டில் "டைப் 5" என்று எழுதினார். தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975 இல் போட்ட கணக்கு அது, வெயில் பட்டால் தோல் சிவக்கிறதா கறுக்கிறதா என்று பார்த்துப் பிரிப்பது. ஆரம்பத்தில் வெள்ளைத் தோலுக்கு மட்டும் போட்டிருந்தார்கள், மாநிறமும் கறுப்பும் பின்னால் சேர்த்தவை. நம்மில் பெரும்பாலானவர்கள் 4, 5. இந்தத் தோலில் கறை சீக்கிரம் வரும், ரொம்ப நாள் நிற்கும். அதனால்தான் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து அவர்கள் சொல்லும் வேகத்தில், அவர்கள் சொல்லும் வீரியத்தில் எதையும் போடக் கூடாது.

சரி, என்ன செய்ய வேண்டும். முதல் வேலை கறுப்புக்கு இல்லை, அதை உண்டாக்கும் நோய்க்கு. பரு வந்துகொண்டே இருக்கும்போது கறுப்புக்கு மட்டும் க்ரீம் போடுவது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது மாதிரி. அக்கா மகளுக்குப் பரு நின்று இரண்டு மாதம்தான் ஆகிறது, திரும்ப வராமல் பார்ப்பதுதான் அவளுக்கு இப்போது பெரிய வைத்தியம். எக்ஸிமா என்ற அரிப்புத் தோல்நோய் இருப்பவர்களுக்கு அரிப்பு அடங்க வேண்டும். கணுக்காலில் கொசு கடித்துக் கடித்துக் கறுத்திருப்பவர்களுக்குக் கொசுவலையும் சொறியாமல் இருப்பதும்தான் முதல் மருந்து.

இரண்டாவது சன்ஸ்கிரீன், இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் இதை அழகு சாமான் என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறோம். கறுப்பை ஆழமாக்குவது வெயில். மற்ற எந்த க்ரீமும் ராத்திரி முழுக்க செய்யும் வேலையைக் காலையில் பத்து நிமிஷம் பஸ் ஸ்டாப்பில் நின்றால் வெயில் கலைத்துவிடும். டியூபில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் என்ற வெயில் தடுப்பு அளவு 30க்குக் குறையாமல், புற ஊதாக் கதிர் ஏ, பி இரண்டையும் தடுப்பதாக இருக்க வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும், பொட்டு வைக்கிற அளவு வைத்தால் வேலை செய்யாது. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் போட வேண்டும். இன்னொன்று எனக்கே தெரியாமல் இருந்தது: நம் மாதிரி தோலில் கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் கறுப்பை ஏற்றும், சாதாரண சன்ஸ்கிரீன் அதைச் சரியாகத் தடுக்காது. அயர்ன் ஆக்ஸைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிரீன்தான் தடுக்கும். அதில் இன்னொரு சௌகரியம், முகத்தில் வெள்ளையாகச் சாம்பல் பூசின மாதிரி நிற்காது, திட்டும் கொஞ்சம் மறையும். வாங்க வசதி இல்லையென்றால் குடை, துப்பட்டா, தொப்பி. அதையும் குறைவாக நினைக்க வேண்டாம். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது இன்றைக்கும் குடை பிடிக்கிறேன், மழையே இல்லாத நாளிலும்.

மூன்றாவதுதான் மருந்து. என் தோல் ஸ்டீராய்டிலிருந்து மீண்டபிறகு டாக்டர் அசலாயிக் ஆசிட் கொடுத்தார். பருவுக்கும் கேட்கும், கறுப்புக்கும் கேட்கும், அளவுக்கு மீறி வேலை செய்யும் மெலனோசைட்டைத்தான் முக்கியமாகப் பிடிக்கும். 15, 20 சதவீதத்தில் மருந்தாக வருகிறது. முதல் இரண்டு வாரம் எறும்பு ஊர்வது மாதிரி குறுகுறுப்பு இருந்தது, பிறகு பழகிவிட்டது. கர்ப்பிணிகளுக்கும் டாக்டர்கள் இதைத்தான் பாதுகாப்பானதாகப் பார்க்கிறார்கள். அடாபலீன், ட்ரெட்டினாயின் போன்ற ரெட்டினாய்டுகள் தோல் புதுப்பிக்கும் வேகத்தைக் கூட்டுபவை. ராத்திரி மட்டும், முகம் முழுக்கவும் சேர்த்துப் பட்டாணி அளவு, ஒருநாள் விட்டு ஒருநாள். கர்ப்பமாக இருப்பவர்கள், அதற்குத் திட்டமிடுபவர்கள் தொடக் கூடாது. நியாசினமைடு 4, 5 சதவீதத்தில் சாதுவான பொருள், பொட்டலங்கள் கை மாறுவதைக் குறைக்கிறது. ஹைட்ரோகுவினோன் பலமானது, டாக்டர் பார்வையில் சில மாதம் மட்டும், பல வருஷம் பூசினால் நீலக் கறுப்பாக வேறொரு கறை வந்துவிடும், அதைப் போக்குவது இன்னும் கஷ்டம்.

இதில் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்துவிடாதீர்கள். மருந்து எரிச்சல் உண்டாக்கினால் அந்த எரிச்சலே புதுக் கறுப்பை உண்டாக்கும். ஒன்று, அது பழகின பிறகு இன்னொன்று. மேல்தோலை ரசாயனத்தால் உரிக்கும் கெமிக்கல் பீல், லேசர் எல்லாம் நம் நிறத் தோலில் பழக்கமுள்ள தோல் டாக்டர் கையில் மட்டும், பியூட்டி பார்லரில் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் பெயர் தெரியாத சிவப்பழகு க்ரீம்கள். இதில் எனக்குக் கோபமே வரும். 2023 இல் கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட க்ரீம் பூசினவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதைக் கண்டுபிடித்தார்கள், காரணம் அதில் இருந்த பாதரசம். பாதரசம் நிறமி உண்டாவதைத் தடுக்கும், அதனால் நிஜமாகவே முகம் வெளுக்கும், அதனால்தான் ஜனங்கள் நம்புகிறார்கள். டப்பாவில் என்ன கலந்திருக்கிறது, யார் தயாரித்தார்கள் என்று எழுதவில்லையென்றால் தோழி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எல்லாக் கறுப்பும் இந்த ரகம் இல்லை. பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் துணி மாதிரி தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கும் இல்லை, பழைய புண்ணும் இல்லை, இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம், சர்க்கரைக்கு ரத்தம் பாருங்கள். சிக்குன்குனியா வந்து போனபின் மூக்கு மட்டும் கறுத்துப்போனவர்களைப் பார்த்திருப்பீர்கள், அது காய்ச்சல் விட்டுப்போன கறுப்பு, பெரும்பாலும் மாதங்களில் மங்கும். இடுப்பில் பாவாடை நாடா இறுக்கி இறுக்கி வந்த கறுப்புக் கோடு நம் அம்மாக்கள் எல்லோருக்கும் இருக்கிறது. அதற்கு நாடாவை அகலமாகத் தைத்து, தளர்த்திக் கட்டினாலே பாதி வைத்தியம்.

இத்தனையும் சொன்ன பிறகு அக்கா மகள் கேட்டாள், "அப்போ நான் கலர் ஆயிடுவேனா சித்தி?" இல்லை. ஆக வேண்டியதும் இல்லை. நாம் திட்டைச் சுற்றி இருக்கும் உன் தோலின் நிறத்துக்கு அந்தத் திட்டைக் கொண்டுவரப் பார்க்கிறோம், உன் நிறத்தை மாற்ற இல்லை. உன் நிறம் உன் பாட்டியின் நிறம், அது எவ்வளவு அழகு என்று அவளைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதைச் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பெண் பார்க்க வருபவர்களிலிருந்து பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர் வரைக்கும் "முகத்துல என்னம்மா?" என்று கேட்கிற ஊரில் இந்தக் கறுப்பின் வலி தோலோடு நிற்பதில்லை, எனக்கு அது தெரியும். ஒரு வருஷம் முழுக்க நான் வகுப்பில் புடவைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொண்டே பாடம் எடுத்திருக்கிறேன்.

கோடு வந்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் எனக்கு முழுக்க இரண்டு வருஷம் ஆனது. அதில் முதல் பாதி, நானே அதை வளர்த்த காலம். சரியான வைத்தியம் ஆரம்பித்து முதல் இரண்டு மாதம் எந்த மாற்றமும் கண்ணுக்குத் தெரியவில்லை, தினமும் கண்ணாடி பார்ப்பவருக்குத் தெரியவும் தெரியாது. அதனால் டாக்டர் மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுக்கச் சொன்னார். மூன்றாவது மாதப் போட்டோவை முதல் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் கோட்டின் கீழ் நுனி காணாமல் போயிருந்தது தெரிந்தது. இப்போது அம்மா மட்டும் விளக்கைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்.

ஃபேர்வெலுக்கு கன்சீலர் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். தாராளமாக, துளைகளை அடைக்காத ரகமாகப் பார்த்து வாங்கு, ராத்திரி தேய்க்காமல் கழுவிவிட்டுப் படு என்றேன். அடுத்த வாரம் டாக்டரிடம் போகிறாள், அக்கா கூடப் போகிறாள். நேற்றுக் காலை ஏழு மணிக்கு முதல் போட்டோ வந்தது: கிழக்கு ஜன்னல், வலது கன்னம், முகம் கழுவி ஐந்து நிமிஷம் கழித்து எடுத்தது என்று கீழே எழுதியிருந்தாள். நான் அதை ஒரு தனி ஃபோல்டரில் போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன்.